பிள்ளைகளுக்கு மட்டுமா தடுப்பூசி?

(நமது பங்கின் பவள விழா யூபிலியையொட்டிப் பங்கு மன்றத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில், பங்கு நலவாழ்வுக் குழுவினர் ஆற்றிய உரை)

 

யூபிலிக் கொண்டாட்டத்தின் நடுவே ஊசியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் மட்டும் மகிழ்ச்சியாயிருக்கிறார்கள். இன்றைய ஊசி தங்களுக்கல்ல, தாத்தா பாட்டிமாருக்கு என்று யாரோ அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் போலும்!

முதலில் எங்களைப் பற்றி ஒரு சொல். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். குழுவில் மூவர் இருக்கிறோம். ஒருவர் அரசு மருத்துவமனையில் செவிலியராய்ப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் மருந்தாளுநர், மற்றவர் இன்றும் கிராம சுகாதாரச் செவிலியராய் வீடு வீடாகச் செல்பவர். ஆகவே இங்கே நாங்கள் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு எழுதித் தருவது அவர் வேலை.

உங்களில் 55 வயதைக் கடந்தவர்கள் சட்டைக் கையைச் சற்று உயர்த்திக் கையைத் தடவிப் பாருங்கள். வட்டமாய், குழிந்து, காசளவு தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அம்மை குத்திய தழும்பு அது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றால் பிள்ளைகள் வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொண்ட கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர் 1796-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை அது. நம் நாட்டில் பெரியம்மையின் கடைசி நோயாளி காணப்பட்டது 1975 மே மாதத்தில். உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்தது என்று 1980 மே 8 அன்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தழும்பு இல்லாத கையோடு நம் பிள்ளைகள் வளர்ந்ததற்குக் காரணம், அந்தத் தழும்பை நம் பெரியவர்கள் தாங்கியதுதான்.

இந்த விழாவை முன்னிட்டுப் பங்கின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வியந்தோம். எழுபத்தைந்து ஆண்டுகளில் இங்கே ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரின் பெயரும், நாளும், ஞானப் பெற்றோரின் பெயரும் மை மங்காமல் இருக்கின்றன. பின்னாளில் அவர் உறுதிபூசுதல் பெற்றதும் திருமணம் செய்ததும் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. வளைகுடா நாட்டிலிருந்து ஒருவர் சான்றிதழ் கேட்டு எழுதினால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

மரணப் பதிவேடு வேறு கதை சொல்கிறது. தொடக்க ஆண்டுகளின் பக்கங்களில் 'வைசூரி' என்றும் 'வாந்திபேதி' என்றும் காரணம் எழுதியிருக்கிறது. எங்களை நெடுநேரம் நிறுத்தியவை அவையல்ல. பிறந்து ஏழு நாள், எட்டு நாள், ஒன்பது நாளில் அடக்கம் செய்யப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் வரிகளே. காரணம் எழுதும் கட்டத்தில் 'ஜன்னி' என்று ஒரே சொல். தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ அறுத்ததால் வந்த இரண ஜன்னி அது என்பதில் எங்கள் ஓய்வுபெற்ற செவிலியருக்கு ஐயமே இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கிய பின் அந்த வரிகள் குறைந்து, பிறகு நின்றே போயின. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இரண ஜன்னியை இந்தியா நாட்டளவில் ஒழித்துவிட்டது என்பது 2015-ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது. செய்தித்தாளில் சிறு செய்தியாக வந்து போயிற்று. நம் பங்கில் அதற்காக ஒரு பாடற்பூசை வைத்திருக்கலாம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ஞானஸ்நானம் பெற்ற நாள் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் கோயிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடைசியாக நீங்கள் இரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டது எந்த ஆண்டு? யாரிடம் கேட்டால் தெரியும்?

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் கோயில்பிள்ளையின் சம்மதத்தோடு அடுத்ததைச் சொல்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கொடியிறக்கம் முடிந்த மறுநாள், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பலகையிலிருந்த ஆணியொன்று ரப்பர் செருப்பைத் துளைத்து அவருடைய குதிகாலில் ஏறிற்று. இரத்தம் அதிகம் வரவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசி, எண்ணெய்த் துணியால் சுட்டு ஒற்றிவிட்டு, மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் மணியடித்தார். அடுத்த ஞாயிறு பூசையில் அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததை எங்கள் மூவரில் இருவர் கண்ணால் கண்டோம். "என்ன அண்ணாச்சி, திருவிழாக் களைப்பு இன்னும் தீரலியா?" என்று ஒருவர் கேலி கூடச் செய்தோம். காலில் என்ன என்று கேட்கவில்லை. ஊசியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லும் நாங்கள்தான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவருக்கு இட்லியைக் கடிக்க வாய் திறக்கவில்லை. பல்வலி என்று எண்ணிக் கிராம்பை அடக்கிக்கொண்டார். மறுநாள் கழுத்து விறைத்தது. மாலையில் முதுகு வில்லாய் வளைந்தது. அரசு மருத்துவமனையில் இருட்டாக்கிய அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். வெளியே ஒரு டம்ளர் விழுந்த ஓசைக்கே உடம்பெல்லாம் இழுத்துக்கொள்ளும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். 31 நாட்கள். இறைவன் அருளாலும், இரவு பகல் பாராத அந்த வார்டுச் செவிலியர்களாலும் பிழைத்து வந்தார். இன்றும் மணிக்கூண்டுப் படியேற அவரால் இயலாது. அவர் மகன்தான் மணியடிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது.

வீடு திரும்பும் நாளில் மருத்துவர் அவருக்குத் தடுப்பூசி போடச் சொன்னார். அவர் மனைவி கேட்டார்: "நோயே வந்து போயிட்டுதே ஐயா, இனி எதுக்கு ஊசி?" நல்ல கேள்வி. சின்னம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுமுறை வராது. இரண ஜன்னி அப்படியன்று. கிருமி விடும் நஞ்சு மிகக் கொடியது. உயிரைப் பறிக்க மிகச் சிறிய அளவே போதும். அவ்வளவு சிறிய அளவு, உடல் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளப் போதாது. ஆகவே நோயிலிருந்து மீண்டவருக்கும் அது மீண்டும் வரலாம். ஊசி ஒன்றே பாதுகாப்பு.

கோயில்பிள்ளை எங்களிடம் சொன்னது இது: "மூணு பிள்ளைகளையும் தோள்ல தூக்கிட்டுப் போய் ஊசி போட்டவன் நான்தாம்மா. எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியே."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கூட்டம்.

அவருக்கு அப்போது வயது 61. நம் நாட்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-இல். அது அனைவருக்குமான திட்டமாக விரிந்தது 1985-இல். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அம்மை குத்தியிருப்பார்கள், காசநோய்க்கான பி.சி.ஜி. போட்டிருக்கலாம், இரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியைப் பார்த்தேயிருக்க மாட்டோம். அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் போட்ட ஒற்றை ஊசிதான் கணக்கு. அஸ்திவாரம் இல்லாமல் சுவருக்குப் பூச்சு வேலை செய்தது போலத்தான் அது. இதுவரை முறையாகப் போடாத பெரியவர் மூன்று தவணை போட வேண்டும்: இன்று ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதன்பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்றாவது. பிறகு பத்து ஆண்டுக்கு ஒன்று என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சிறுவயதில் முறையாகப் போட்டுக்கொண்ட இளையவர்களுக்குப் பத்தாண்டு ஊசி மட்டும் போதும்.

இப்போது கிடைப்பது பழைய டி.டி. அன்று; தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த டி.டி. இரட்டை ஊசி. பெயர் காதுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம் வேண்டாம். தொண்டை அடைப்பான் பழங்கதை என்றும் எண்ண வேண்டாம். 2016-இல் பக்கத்துக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அது மீண்டும் தலைகாட்டி உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலியோவும் தட்டம்மையும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுபவை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டால், போடாத ஒருவரும் அந்த நிழலில் ஓரளவு ஒதுங்கிக்கொள்ளலாம். இரண ஜன்னிக்கு அந்த நிழல் கிடையாது. கிருமி இருப்பது மண்ணில், சாணத்தில், தெருப் புழுதியில். பங்கு முழுவதும் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவரை அது காக்காது. கொத்தனார்கள், தோட்ட வேலை செய்வோர், வலையோடும் தூண்டிலோடும் பழகுவோர், மாடு வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இதற்கு நேர்மாறாக, நகம் கீறினால்கூட ஓடிப்போய் ஊசி போடுவோரும் நம்மிடையே உண்டு. ஒருவர் ஒரே ஆண்டில் மூன்று தடவை போட்டிருக்கிறார்! முழுத் தவணையும் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி பத்து ஆண்டுக்குள் இருக்குமாயின் மீண்டும் தேவையில்லை; மண்ணோ சாணமோ பட்ட ஆழமான காயமென்றால் ஐந்து ஆண்டுக் கணக்கு. ஆஸ்பத்திரியில் 'கடைசியாக எப்போது போட்டீர்கள்?' என்று கேட்பது அதற்காகத்தான். நாம் விழிப்பதைக் கண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல.

இனி மணப்பருவத்தினருக்கு. ரூபெல்லா என்ற அம்மை பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சல், சிறு தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தாலோ, குழந்தை கண்புரையோடும் செவிடோடும் இதயக் குறையோடும் பிறக்கக்கூடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டறிந்தார். கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தபோது கர்ப்ப காலத்தில் வந்த அந்த அம்மையைப் பற்றித் தெரியவந்தது. 2017-இல் நம் மாநிலப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது 15 வயதுக்குள் இருந்த பெண்பிள்ளைகள் போட்டிருப்பார்கள். போடாமல் விட்டவர்களும், அதற்கு மூத்த பெண்களும் மருத்துவரைக் கேளுங்கள். இந்த ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. போட்ட பின்னும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஆகவே கோயிலில் திருமண ஓலை வாசிக்கத் தொடங்கிய பிறகு நினைவு வந்தால் தாமதமாகிவிடும். நிச்சயதார்த்தப் பேச்சு நடக்கும்போதே தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டுப்புடவைக்கு ஒரு நாள் ஒதுக்குகிறோமே!

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பொதுமேடையில் பேசலாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. பேசத்தான் வேண்டும் என்று அருட்கன்னியர் சொன்னார்கள். இந்தியப் பெண்களுக்கு அதிகமாய் வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுக்கு அடுத்தது இதுதான். எச்.பி.வி. என்ற வைரசுதான் காரணம் என்று கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குள் ஊசி போடுவது மிகச் சிறந்தது. 26 வயது வரையிலும் போடலாம். அதற்கு மேற்பட்டோருக்கு மருத்துவர் சொல்வார். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் என்ற ஊசி 2023-இல் வெளிவந்தது. 'என் பிள்ளை ஒழுக்கமானவள், அவளுக்கு எதற்கு?' என்று ஒரு தாய் எங்களிடம் கோபித்துக்கொண்டார். அம்மா, உங்கள் பிள்ளையின் ஒழுக்கத்துக்கு நாங்களே சாட்சி. அவள் மணக்கப்போகும் மாப்பிள்ளையின் உடலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

கர்ப்பிணிகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் தேடி வந்து போட்டுவிடுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பத்தின் ஏழாம், எட்டாம் மாதத்தில் கக்குவானுக்கும் சேர்த்த ஊசி போட்டால், பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று மாதம் தாயிடமிருந்தே காவல் கிடைக்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். வெளியில்தான் வாங்க வேண்டும். ஃபுளூ ஊசியும் கர்ப்பிணிக்கு நல்லது.

பி வகை மஞ்சள் காமாலைக்கான ஊசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு எல்லா மாநிலங்களிலும் கிடைக்கத் தொடங்கியது 2011-இல்தான். ஆகவே இங்குள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் போட்டிருக்க மாட்டோம். இரத்தம் வழியாகப் பரவும் நோய் இது. ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்போர், செவிலியர் படிப்புக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், நீரிழிவுக்காரர் ஆகியோர் தள்ளிப்போட வேண்டாம். தவணை மூன்று: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள் எங்கள் குழுவிலேயே ஒருவர் இருந்தார் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மறந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையைப் போட்டால் போதும்.

ஆப்பிரிக்க நாடுகளுக்கு மறைபணிக்கும் வேலைக்கும் செல்வோர், கப்பலில் பணிபுரியும் நம் இளைஞர்கள் ஆகியோருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். அந்தச் சான்றிதழ் 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது சிலருக்குப் புதுச் செய்தியாயிருக்கலாம். ஹஜ் பயணம் போகும் நம் இசுலாமிய அண்டை வீட்டார் மூளைக்காய்ச்சல் ஊசியைப் போட்ட பிறகே புறப்படுகிறார்கள். கட்டாயம் என்றால் எல்லோரும் ஒழுங்காகப் போடுகிறோம். கேட்க ஆளில்லாத ஊசிகள்தாம் தவறிப்போகின்றன.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கி கண்டால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அதனால் குளிர்ச்சி உண்டு. நோயை அது தொடுவதில்லை. சிறுவயதில் சின்னம்மை வந்தபோது உடலில் நுழைந்த அதே கிருமி, நாற்பது ஐம்பது ஆண்டுகள் நரம்பின் வேரில் உறங்கிக்கிடந்து, உடல் தளரும் காலத்தில் எழுந்து வருவதுதான் அக்கி. அதனால்தான் அது உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பின் வழியே கச்சை கட்டியது போல் வருகிறது. அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வரும். கொப்புளம் மூன்று வாரத்தில் ஆறிவிடும். சிலருக்கு வலி மட்டும் நிற்காது. நம் பங்கில் ஒரு பாட்டி, அக்கி ஆறி எட்டு மாதம் ஆகியும், சேலைத் தலைப்பு முதுகில் பட்டால் நெருப்புப் பட்டது போல் துடிக்கிறார். பூசைக்கு வருவதை நிறுத்தினார். கூட்டத்தில் யாராவது உரசிவிடுவார்களோ என்ற அச்சம். இதற்கான புதிய ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலையை மறைக்க மாட்டோம்: ஒரு தவணைக்கே பல ஆயிரம் ரூபாய். நம்மில் பெரும்பாலோரால் இன்று இயலாது. வெளிநாட்டிலிருந்து தாய்தகப்பனுக்குத் தங்கச் சங்கிலி வாங்கி வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு யோசனை.

அறுபது, அறுபத்தைந்து வயதானவர்களுக்கு இரண்டு: ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி ஒன்று, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி ஒன்று. ஃபுளூக் கிருமி ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்றுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்கு உதவாது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் ஃபுளூ மிகும். ஆகவே மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நலம். நிமோனியா ஊசி ஆண்டுதோறும் தேவையில்லை. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. எது, எத்தனை தவணை என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் அதற்கான வயதை 2024-இல் 65-இலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டார்கள். நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே பெறுகிறவர்கள், அடுத்த முறை அவர்கள் வரும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் கையில் பணமில்லை, எதை முதலில் போடுவது என்று கேட்டால் எங்கள் கருத்து இது. முதலில் இரண ஜன்னி. விலை மிகக் குறைவு, பலனோ பெரிது. அடுத்து, சர்க்கரை நோயாளியும் முதியவரும் இருக்கும் வீட்டில் ஃபுளூ. பிறகு நிமோனியா. அக்கி ஊசி அதற்கும் பிறகு. வேறு அபிப்பிராயம் உள்ள மருத்துவர்கள் இருக்கலாம். அவர்களோடு நாங்கள் வாதிட மாட்டோம்.

நாய்க்கடி இந்த வரிசையில் சேராது. கடிபட்ட பிறகு போடுவது அது. ஆனாலும் கடந்த மாதம் கடிவாயில் மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு ஒருவர் மருந்தகத்துக்கு வந்ததால் சொல்லாமல் போக முடியவில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள்; வேறொன்றும் பூசாதீர்கள்; அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அந்தக் காலம் போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வருமுன் தென்னாட்டில் கடிபட்டவர் இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று பேருந்தில் அரை மணி நேரம். கையிலோ புஜத்திலோ சில ஊசிகள், அதுவும் இலவசம். நோய் முற்றி வெளிப்பட்டுவிட்டாலோ, பிழைத்தவர் அரிதினும் அரிது.

சந்தேகங்களைப் பற்றி. ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும். சிலருக்குக் காய்ச்சல் வரும். ஒவ்வாமை அபூர்வம்; அதற்காகவே அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பூசை முடியுமுன் எழுந்து போவது போல் எழுந்து போகாதீர்கள். இலேசான சளி இருந்தால் போடலாம். கர்ப்பிணிகளும், புற்றுநோய் மருந்து எடுப்போரும், உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் அம்மை வகை ஊசிகளை மருத்துவரைக் கேளாமல் போடக் கூடாது.

2021-இல் கொரோனா ஊசி வந்தபோது, அதன் தயாரிப்பில் கருக்கலைப்போடு தொடர்புடைய செல்கள் பயன்பட்டதாகக் கேள்விப்பட்டு, மனச்சான்று உறுத்துகிறது என்று நம்மில் சிலர் தயங்கினார்கள். அது ஏளனம் செய்ய வேண்டிய தயக்கமன்று. திருச்சபையின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரிலேயே இதை ஆராய்ந்து, மாற்று ஊசி கிடைக்காத நிலையில் அவற்றைப் போட்டுக்கொள்வது ஒழுக்கநெறிப்படி ஏற்கத்தக்கதே என்றும், போடுவது விருப்பத்தின்படி அமைய வேண்டும் என்றும் தெளிவாக்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆகஸ்டில் தடுப்பூசி பெறுவதை ஓர் அன்புச் செயல் என்றே கூறினார். ரூபெல்லா ஊசியைப் பற்றியும் இதே கேள்வி எழுந்ததுண்டு. ஐயமுள்ளவர்கள் பங்குத் தந்தையிடம் பேசலாம்.

கொரோனாக் காலத்தில் ஒரு நன்மையும் கண்டோம். எத்தனை தவணை, எந்த நாள், எந்த ஊசி என்று ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் இருந்தது. கீழத்தெருத் தாத்தா ஒருவர் அதை லேமினேட் செய்து, செபமாலையோடு சேர்த்துப் பையில் வைத்திருந்தார். பெரியவர்களுக்கும் கணக்கு வைக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே யூபிலியை முன்னிட்டு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டிருக்கிறோம். நீல அட்டை, பன்னிரண்டு பக்கம், குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பெயர், பிறந்த ஆண்டு, போட்ட ஊசி, நாள், அடுத்த ஊசியின் நாள். தாத்தாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. வீட்டோடு இருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் ஒன்று எழுதுங்கள். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் இதே மன்றத்தில் கொடுப்போம். பணம் எதுவும் இல்லை. பழைய அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கைபேசியில் உள்ள சான்றிதழ் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். எதுவும் இல்லாதவர்களும் வாருங்கள்; அவர்களுக்குப் பக்கம் வெறுமையாய்த் தொடங்கும், அவ்வளவுதான். படுக்கையிலுள்ளோருக்கு நற்கருணை கொண்டுபோகும் வீடுகளின் பட்டியலைப் பங்குத் தந்தை தந்திருக்கிறார். அந்த வீடுகளுக்கு நாங்களே வருவோம்.

முதல் புத்தகத்தைக் கோயில்பிள்ளை நேற்றே வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் மூன்று தவணையும் ஏறியாயிற்று. அவருடைய மனைவியின் பக்கத்தில் இன்னும் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து போக விரும்புகிறவர்கள் காலை எட்டரை மணிக்குக் கெபியருகே வந்துவிடுங்கள்.